அப்பைய தீக்ஷிதரும் உலகின் உண்மையும்

கண்ணாற் காண்பதும் நெஞ்சால் நினைப்பதும் மெய்யென்று கொண்டே நாம் நாள்தோறும் எழுகின்றோம், தொழில் புரிகின்றோம், உறங்குகின்றோம். நேற்று உழுத வயல் இன்றும் அவ்விடத்தே இருக்குமென்று உழவன் நம்புகின்றான். நேற்றுப் படித்த பாடத்தை நேற்றே படித்ததாக மாணவன் எண்ணுகின்றான். இந்நம்பிக்கைக்கு ஆதாரம் யாது? நினைவு என்னும் ஒன்றையன்றிப் பிறிதில்லை. அந்நினைவே பொய்யாயின் என் செய்வது? இவ்வினா வீண்பொழுது போக்குவார் வினாவன்று. இக்காலத்து வானநூல் வல்லாரும் இதனைக் கையிற் கொண்டு ஆராய்ந்து வருகின்றனர். அவர்கட்கு நானூறு ஆண்டுகட்கு முன்னரே, இதனோடொத்ததொரு வினாவை அதன் எல்லைவரை சென்று ஆராய்ந்து எழுதிவைத்த பேரறிஞரொருவர் நம் தமிழ்நாட்டில் வாழ்ந்தனர். அவரே அப்பைய தீக்ஷிதர் ஆவர். அன்னார் வரலாற்றை ஒருவாறு சுருக்கிக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீக்ஷிதர் 1520ஆம் ஆண்டில், ஆரணிக்கு அணித்தாயுள்ள அடையபலம் என்னும் சிற்றூரிற் பிறந்தனர் என்பது பெரும்பான்மையோர் கொள்கை. சில பத்தாண்டுகள் பிற்பட்டுப் பிறந்தனர் என்பாரும் உளர். அவ்வூர் முன்னர் வட ஆர்க்காட்டு ஜில்லாவைச் சார்ந்திருந்தது. இந்நாளில் திருவண்ணாமலை மாவட்டத்தின்பாற்பட்டது. இவருடைய பாட்டனார் ஆசாரிய தீக்ஷிதர், விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயரால் மதிக்கப்பெற்ற புலவர் என்பர். தந்தையார் ரங்கராஜர் அத்வைத வேதாந்தத்திற் கரைகண்டவர். வேறோர் ஆசிரியரைத் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டாது, தந்தையார் திருவடியிலிருந்தே இவர் வேதாந்தம் பயின்றனர். பிற்காலத்தில் தாம் இயற்றிய பெருநூலொன்றின் தொடக்கத்திலும், தாம் தொகுத்துரைப்பன தந்தையார் விளக்கியருளிய பொருள்களே என்று நன்றியோடு குறித்துள்ளனர்.

இவர் வாழ்ந்த காலம் அமைதியான காலமன்று. 1565ஆம் ஆண்டில் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரப் பேரரசு பெருந்தோல்வி யடைந்தது. தலைநகரம் பாழாயிற்று. தென்னாட்டில் வேலூர், செஞ்சி, தஞ்சை, மதுரை முதலிய இடங்களில் நாயக்க மன்னர்கள் தத்தம் ஆட்சியை நிலைநாட்டிக்கொண்டனர். என்றும் அழியாதென எண்ணப்பட்டதோர் அரசு சில நாழிகைப் போரில் நிலைகுலைந்தமையை அத்தலைமுறையினர் நேரே கண்டனர். நிலையானது எது என்னும் வினா அக்காலத்தார்க்கு ஏட்டளவில் நின்றதொன்றன்று.

வேலூரை ஆண்ட சின்னபொம்ம நாயக்கர் தீக்ஷிதரைப் போற்றிப் புரந்தனர். ஸ்ரீகண்டர் இயற்றிய பிரம்மசூத்திர பாஷியத்திற்கு இவர் எழுதிய சிவார்க்கமணி தீபிகை என்னும் விரிவுரையைக் கண்டு மகிழ்ந்து, அம்மன்னர் இவரைப் பொன்னால் நீராட்டினர். அப்பொன்னைத் தீக்ஷிதர் தமக்கென்று வைத்துக்கொண்டிலர். தம் பிறந்த ஊராகிய அடையபலத்தில் காலகண்டேசுவரர் ஆலயத்தை எடுப்பித்தனர். ஐந்நூறு மாணவர்க்கு அந்நூலைக் கற்பித்தற்கும் வழி செய்தனர். இச்செய்தியை 1582ஆம் ஆண்டில் அவ்வாலயத்திற் பொறிக்கப்பட்ட கல்வெட்டு இன்றும் உரைத்து நிற்கின்றது.

நம் காவிரி நாட்டோடும் இவர்க்குத் தொடர்புண்டு. தஞ்சையிற் சேவப்ப நாயக்கர் அவையில், கும்பகோணத்து மத்துவ ஆசாரியராகிய விஜயீந்திர தீர்த்தரும், வைணவப் பேராசிரியராகிய தாதாசாரியரும், இவரும் ஒருங்கு கூடி வாதம் புரிந்தனர் என்பது மரபு. கொள்கையால் மூவரும் மூன்று திசையினர். ஆயினும் ஓரவையில் அமர்ந்து ஒருவர் சொல்லை ஒருவர் கேட்டனர். பின்னர்ப் பெனுகொண்டையிலிருந்து ஆண்ட வேங்கடபதிராயரும் இவரை ஆதரித்தனர். அணியிலக்கண நூலாகிய குவலயானந்தம் அவ்வரசர் வேண்டுகோளால் எழுந்ததாகும்.

இவர் இயற்றிய நூல்கள் நூற்றுநான்கு என்று வழங்குவர். வேதாந்தம், மீமாஞ்சை, அணியிலக்கணம், சைவம், தோத்திரம் எனப் பல துறைகளிலும் அவை பரந்துள்ளன. அவற்றுள் நான்கு மதங்களின் சாரத்தை உரைக்கும் நூலொன்று இவர்தம் மனப்பான்மையை நன்கு காட்டும். மத்துவர், இராமாநுசர், ஸ்ரீகண்டர், சங்கரர் ஆகிய நால்வர் கொள்கைகளையும், அவ்வம்மதத்தாரே எழுதினாற்போல, அவ்வவர் நிலையில் நின்று இவர் அதனுள் விளக்குகின்றனர். மத்துவர் கொள்கையைக் கடுமையாக மறுத்து வேறொரு நூல் செய்தவரும் இவரே. மறுக்கவேண்டிய இடத்தில் மறுத்தார். எடுத்துரைக்கவேண்டிய இடத்தில் ஒன்றையும் குறைக்காது எடுத்துரைத்தார். இவ்விரண்டும் ஒருவரிடத்தே அமைதல் அரிது.

நிற்க. நாம் எடுத்துக்கொண்ட வினாவிற்கு நேரே உரிய நூல் சித்தாந்தலேச சங்கிரகம் என்பது. சங்கரர்க்குப் பின்வந்த அத்வைத ஆசிரியர்கள், ஆன்மா ஒன்றே என்பதில் ஒருமித்தனராயினும், உலகம் எவ்வாறு தோன்றுகின்றது, உயிர் ஒன்றா பலவா என்பன போன்றவற்றிற் பலவாறு பிரிந்தனர். முன்னோர்க்கு ஆன்மாவின் ஒருமையை நாட்டுவதே கருத்தாதலின், உலக வழக்குப் பற்றியவற்றில் அவர்கள் மிகுந்த கவனம் செலுத்திலர். ஆகவே வழிகள் பலவாயின என்பது தீக்ஷிதர் தரும் விளக்கம். அவ்வழிகளையெல்லாம் அவர் நான்கு பகுதிகளில் தொகுத்து வைத்தனர். இந்நூலைச் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எஸ். எஸ். சூரியநாராயண சாஸ்திரியார் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1935ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகம் வெளியிட்டது.

அதனுட் காணப்படும் கொள்கைகளுள் ஒன்று, உயிர் ஒன்றே என்பது. ஒருவன் கனவு காண்கின்றான். அக்கனவில் ஊரும் தெருவும் தோன்றுகின்றன, மக்கள் பலர் வருகின்றனர், அவனோடு பேசுகின்றனர், சிரிக்கின்றனர், சினக்கின்றனர். விழித்தபின் அவர்களுள் ஒருவர்க்கும் தனியே உயிரிருந்ததில்லை என்பது தெளிவாகின்றது. நனவிற் காணும் மக்களும் அத்தகையரே என்பர் இக்கொள்கையினருள் ஒரு சாரார். உயிருள்ள உடல் ஒன்றே; ஏனைய உடல்கள் கனவு மாந்தர் போல்வன. முன்னொருவர் வீடுபெற்றார் என்று நாம் கேட்பதும் கனவிற் கேட்ட செய்தியே. எத்தகைய தடை எழுப்பினும், கனவு என்னும் உவமையே அதனைக் கழுவிவிடும் என்பர். கேட்போர் நெஞ்சம் துணுக்குறும் கொள்கை இது. தீக்ஷிதர் இதனை மறைத்திலர், மென்மையாக்கவும் இல்லை.

மற்றொன்று திருஷ்டி சிருஷ்டி வாதம் எனப்படும். காணுதலே படைத்தல் என்பது அதன் கருத்து. பொருள் முன்னரே இருக்க நாம் பின்னர்க் காண்கின்றோமல்லோம், காணும்பொழுதே அது தோன்றுகின்றது, காணாதபொழுது அஃதில்லை. திருவாரூரிற் பிறந்து வளர்ந்தார்க்கு ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஆழித்தேர் கீழ வீதியினின்றும் அசைந்து சென்று தெற்கு வீதியில் திரும்புகின்றது. கீழ வீதியில் நிற்பானொருவன் கண்ணுக்கு அது மறைந்துவிடுகின்றது. மீண்டும் அது வடக்கு வீதி வழியே நிலைக்கு வரும்போது, யான் முன் கண்ட தேரே இது என்று அவன் துணிகின்றான். இடையில் அது இருந்ததற்கு அவனிடமுள்ள சான்று யாது? பிறர் கண்டனர் என்பானாயின், அப்பிறரும் அவனுடைய காட்சியில் அடங்கியவரே. முன் கண்டதும் இதுவும் ஒன்றே என்னும் அவ்வுணர்வும், இருளிற் கிடந்த கயிற்றைப் பதின்மர் பாம்பெனக் கண்டு, தாம் அனைவரும் ஒரே பாம்பைக் கண்டதாகக் கூறுவது போன்றதொரு மயக்கமே என்பர் அக்கொள்கையினர். நம் ஊர்ப் பழந்தேர் சென்ற நூற்றாண்டில் தீக்கிரையாகப் புதுத்தேர் அமைக்கப்பெற்றது. அதனைக் கண்ட பாட்டனும் இதனைக் கண்ட பேரனும் ஆழித்தேர் என்னும் ஒரு பெயராலேயே வழங்குகின்றனர். ஒன்றென்னும் உணர்வு எத்துணை எளிதில் எழுகின்றது என்பதற்கு இதுவே போதும்.

இக்கொள்கையில் மனம் அமைதி பெறாதாரும் உளர். அவர்கள் இறைவனாற் படைக்கப்பட்ட உலகம் முன்னரே உண்டு; அதன்பின்னரே நாம் அதனைக் காண்கின்றோம் என்பர். அவர்தம் கொள்கையையும் தீக்ஷிதர் அடுத்து வைத்தனர். பொய்யான பொருளாற் பயன் விளையுமோ என்னும் தடையையும் எடுத்துக்கொண்டனர். கனவிற் கண்ட பொருள் பொய். அதனால் உண்டான அச்சமும் மகிழ்ச்சியும் விழித்தபின்னும் தொடர்கின்றன. ஆதலின் பயன் தருவதொன்றே பொருளின் உண்மைக்குச் சான்றாகாது. ஆசிரியனும் நூலும் கனவிற்குட்பட்டவரேயாயின் அவர் கூறும் உபதேசத்தாற் பயனென்னை என்று வினவுவார்க்கும் வேதாந்திகள் இவ்வழியே விடை கூறுவர். கனவிற் பாய்ந்த புலி பொய்யே; எனினும் உறங்குவானை மெய்யாகவே அது எழுப்பிவிடுகின்றது.

இனி மேலைநாட்டின்பாற் செல்வோம். தீக்ஷிதர் மறைந்ததாகக் கொள்ளப்படும் 1593ஆம் ஆண்டிற்கு மூன்றாண்டுகள் பின்னர்ப் பிரான்சு தேயத்திற் பிறந்த டேக்கார்ட்டு என்பவர், வல்லமை மிக்க வஞ்சகனொருவன் தம் புலன்களையெல்லாம் ஏமாற்றுகின்றனனோ என்று ஐயுற்று, 1641ஆம் ஆண்டில் அதனை நூலாக வெளியிட்டனர். அதன்பின் இவ்வையம் தத்துவ நூலினின்றும் பௌதிக நூலிற்கு இடம்பெயர்ந்தமை வியப்பிற்குரியது. அதற்கு வித்திட்டவர் வியன்னா நகரிற் பிறந்த லுட்விக் போல்ட்ஸ்மன் ஆவர். அவர் காலம் 1844 முதல் 1906 வரை.

அவர் கண்டதை நம் நாட்டு மரக்கால் கொண்டே விளக்கலாம். ஒரு மரக்காலில் அடியில் நெல்லும் மேலே உளுந்துமாக இட்டுக் குலுக்கினால் இரண்டும் கலந்துபோகும். மேலும் மேலும் குலுக்க, அவை தாமே பிரிந்து முன்போல் அமைந்ததை எவரும் கண்டிலர். ஆயினும் அது நிகழவே நிகழாதென்று கணிதம் கூறவில்லை. மிக மிக அரிது என்றே கூறும். எல்லையற்ற காலம் குலுக்கிக்கொண்டேயிருந்தால் அரியதும் ஒருநாள் நிகழும். அண்டம் முழுவதும் கலங்கிக் கிடப்பதே இயல்பு. நாம் வாழும் ஒழுங்கான பகுதி அவ்வாறு அரிதில் நேர்ந்ததொன்றாகலாம் என்று போல்ட்ஸ்மன் 1895ஆம் ஆண்டில் எழுதினர். அவ்வெண்ணம் தம் உதவியாளருடையது என்றும் குறித்தனர்.

இதனின்று பின்வந்தார் ஓர் இடர்ப்பாட்டைக் கண்டனர். மரக்கால் முழுவதும் தானே பிரிவதினும், அதில் ஒரு பிடியளவு பிரிதல் எளிதன்றோ? அவ்வாறே பேரண்டம் ஒழுங்குறுவதினும், ஒரே ஒரு மூளை, தனக்கு இளமையும் கல்வியும் சுற்றமும் இருந்தன என்னும் பொய்நினைவோடு, வெற்றிடத்திற் கணப்பொழுது தோன்றி மறைதல் பன்மடங்கு எளிது. அங்ஙனமாயின் நாமும் அத்தகைய மூளைகளல்லோம் என்பதற்கு உறுதி யாது? இதற்குப் போல்ட்ஸ்மன் மூளை என்னும் பெயரை 2004ஆம் ஆண்டில் அறிஞர் சிலர் வழங்கினர். உயிர் ஒன்றே, ஏனையவெல்லாம் அதன் தோற்றம் என்னும் பழங்கொள்கையோடு இதனை ஒப்பிட்டு நோக்குக. தோன்றிய நிலமும் கருத்தும் வேறு. ஆயினும் வினா ஒன்றே.

இந்நாளைய வானநூலார் இதனை மெய்யென்று கொண்டாரல்லர். ஒரு கோட்பாடு இம்முடிவிற்கு நம்மைக் கொண்டுசெல்லுமாயின், அக்கோட்பாட்டிலேயே பிழையுண்டு என்பது அவருட் பலர் துணிபு. என்னை? நினைவு பொய்யாயின், அந்நினைவைக்கொண்டு கற்ற கணிதமும் பௌதிகமும் பொய்யாம். அவை பொய்யாயின், அவற்றால் நாட்டிய முடிவிற்கும் ஆதாரமில்லை. காளிதாசரைப்பற்றி வழங்கும் கதையில், தான் அமர்ந்த கிளையையே வெட்டியது போலாகும் இது. வேதாந்தியோ தன் ஐயத்தை அவ்விடத்தே நிறுத்துவதில்லை. காணப்படுவன அனைத்தும் ஐயத்திற்கிடமாயினும், காண்பானாகிய ஒருவனை ஐயுற இயலாது என்று அவன் உள்நோக்கித் திரும்புகின்றான்.

இனி, தீக்ஷிதர் வாழ்வில் நிகழ்ந்ததாக வழங்கும் வரலாறொன்று ஈண்டு இன்றியமையாதது. முதுமை நெருங்கிய காலத்தில் அவர்க்கு ஓர் ஐயம் உண்டாயிற்றாம். இறைவனிடத்துத் தமக்குள்ள அன்பு மெய்யானதுதானா, அன்றிக் கற்ற கல்வியும் பெற்ற பழக்கமும் மேலே பூசிய பூச்சோ என்பதே அது. அறிவு தெளிவாயிருக்கும்போது அதனைச் சோதித்தல் இயலாது. காவலாகிய அறிவே விடையையும் புனைந்துவிடும். ஆதலின் அவர் உன்மத்தத்தை விளைக்கும் ஊமத்தையை உட்கொள்ளத் துணிந்தனர். மாற்று மருந்தையும் ஆயத்தம் செய்வித்து, மாணாக்கரை அருகிருத்தி, மயக்கத்தில் தாம் கூறுவனவற்றையெல்லாம் ஒன்றும் விடாது எழுதிக்கொள்ளுமாறு பணித்தனர். அறிவு கலங்கிய அந்நிலையில் அவர் வாயினின்றும் போந்தவை சிவபெருமானிடத்துத் தம்மை ஒப்புவிக்கும் ஐம்பது சுலோகங்கள். அவையே ஆத்மார்ப்பண ஸ்துதி என்றும் உன்மத்த பஞ்சாசத் என்றும் வழங்குகின்றன.

ஊமத்தை கொடிய நஞ்சு. அதனை உண்டு மாண்டோர் பலர். எவரும் இச்செயலைப் பின்பற்றல் தகாது. அது இல்லாதவற்றை உள்ளனவாகக் காட்டும். தெளிந்தபின் நிகழ்ந்தவற்றை நினைவிலில்லாமற் செய்யும் என்று இக்கால மருத்துவரும் கூறுவர். இதனை மனத்திற்கொண்டு நோக்கின், அவ்வரலாற்றின் நுட்பம் விளங்கும். மயக்கத்தில் தாம் கூறியது இன்னதென்று தீக்ஷிதர் தாமே நினைவுகூர்தல் அரிது. அவர்க்கு விடை கிடைத்தது தம் நினைவிலிருந்தன்று. மாணாக்கர் எழுதிய ஏட்டிலிருந்து. ஏனையோர் கனவு மாந்தரே என்னும் கொள்கையை எள்ளளவும் குறைக்காது எழுதிவைத்த அப்பெரியார், தம்மைத் தாம் அறியவேண்டிய நேரத்தில், அருகிருந்தார் கண்ணையும் கையையும் நம்பினர்.

இஃது அவர் கொள்கைக்கு முரணாமோ எனின், அன்று என்பதே எம் கருத்து. ஐயம் அறிவிற்கு உரியது. அதனை எல்லைவரை செலுத்துதல் அறிஞன் கடமை. நம்பிக்கை வாழ்விற்கு உரியது. அஃதின்றி ஒரு பாடத்தைக் கற்பித்தலும் ஒருவர்க்கு ஒரு பிடி சோறிடுதலும் இயலா. உலகம் கனவோ என்று ஆராய்ந்தவரே கல்லால் ஆலயம் எடுத்தனர். ஐந்நூறு மாணவர்க்கு வழி செய்தனர். கனவென்று கருதி ஒருவரையும் பட்டினியிருக்கச் செய்திலர்.

நம் இல்லங்களிலும் இவ்வினா நாள்தோறும் எழுகின்றது. முதுமையால் நினைவிழந்து, பெற்ற மகனையே யாரென்று கேட்கும் தாய்மார் எத்தனை பேர்! பெயரும் ஊரும் உறவும் அவர் நெஞ்சை விட்டு அகன்றன. ஆயினும் விளக்கேற்றியவுடன் கை குவிகின்றது. பசித்த குழந்தை அழுதால் மனம் பதைக்கின்றது. நினைவு நீங்கியபின்னும் நீங்காத அதுவே அவருடைய மெய்யான பகுதி என்னலாம். அன்று தீக்ஷிதர் நஞ்சுண்டு தேடியதும் அதுவே. அவ்விடத்து, அன்னையார் மறந்த வாழ்வை நினைவிற் காத்துக்கொடுத்தல் அருகிருப்பார் கடனாகின்றது. அம்மாணாக்கர் ஏடெழுதிக் காத்தாற்போல.

தீக்ஷிதர் தம் இறுதி நாட்களைச் சிதம்பரத்திற் கழித்து, 1593ஆம் ஆண்டில் நடராசப் பெருமான் சந்நிதியில் இறைவனடி சேர்ந்தனர் என்பர். அவர் தம்பியார் அச்சான் தீக்ஷிதரின் பேரராகிய நீலகண்ட தீக்ஷிதர் பின்னர் மதுரையில் திருமலை நாயக்கர்க்கு அமைச்சராயிருந்து புகழ் பெற்றனர்.

மாணவ நண்பர்காள்! நீவிர் கற்கும் நூல்கள் உம்மை ஐயுறச் செய்யுமாயின் அஞ்சற்க. ஐயத்தை நேர்மையோடு அதன் இறுதிவரை கொண்டுசெல்லுக. மாறுபடுவார் கொள்கையையும் அவரே மகிழுமாறு எடுத்துரைக்கப் பழகுக. அங்ஙனம் ஐயுறுங்காலும், அருகிருப்பார்க்குச் செய்யவேண்டிய கடமையை நாளைக்கென்று தள்ளிவையற்க. உலகம் கனவேயாயினும், அதனுள் பசித்தான் ஒருவன் பசி பசியே. அப்பைய தீக்ஷிதர் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவேயாம்.